திரும்பி வருபவர்களை என்ன செய்வது?

மிளகு ஓடிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. ஓடிப்போனது என்றால் பெரிய தூரமில்லை. மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் கயிற்றைக் கழற்றிவிட்டிருந்தேன். எதையோ மோப்பம் பிடித்து வேலி இடுக்கில் நுழைந்து, சோழிங்கநல்லூர் போகும் ரோட்டில் ஏறிவிட்டான். "வா" என்று கத்தினேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. காது திரும்பியதால் அவனுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கேட்டது என்று தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும் போல. ஓடினான். ஒரு தண்ணி லாரி பிரேக் அடித்தது. டிரைவர் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரை. மிளகு திரும்பினான். அவனாகவே ரோட்டை விட்டு இறங்கி, நாக்கு தொங்க, வாலை ஆட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நான் கையிலிருந்த கயிற்றாலேயே அவனை அடித்தேன். ஒரு அடி இல்லை, நாலைந்து.

*

மிளகு எங்களிடம் வந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரம். பார்க்கிங்கில் ஜெனரேட்டருக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாட்டு நாய்க்குட்டி. ஒன்றரை மாதம் இருக்கும் என்றார் டாக்டர். நானும் மனைவியும் மென்பொருள் ஆட்கள். குட்டி வளர்ப்பதையும் ஒரு புராஜெக்ட் மாதிரிதான் ஆரம்பித்தோம். தடுப்பூசிக்கு ஒரு எக்ஸெல், சாப்பாட்டுக்கு ஒரு எக்ஸெல். நான்கு மாதத்தில் "உட்கார்", "இரு", "வா" மூன்றும் அத்துபடி. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். "நல்லா வளர்க்கிற" என்று சித்தி எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாவது மாதம் எல்லாம் கலைந்தது. பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் வந்திருந்தன. அந்தப் பற்களுக்கு இரண்டு சார்ஜர், சோபாவின் ஒரு மூலை, ஒவ்வொரு ஜோடியிலும் சரியாக ஒரே ஒரு செருப்பு பலியானது. குந்தி மூத்திரம் போனவன் காலைத் தூக்க ஆரம்பித்தான், ஒருமுறை என் லேப்டாப் பையின் மேல். பிறந்ததிலிருந்து பார்த்த துடைப்பத்தை ஒருநாள் திடீரென்று பேயைப் பார்த்தது போலப் பார்த்துக் குரைத்தான். "வா" என்ற சொல் அவன் அகராதியிலிருந்தே போய்விட்டது. இதில் என்னை ரொம்பவே நோகடித்த விஷயம், நான் சொன்னால் உட்காராதவன் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் சொன்னால் உடனே உட்காருவான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 2020ல் லூசி ஆஷரும் அவரது சக ஆய்வாளர்களும் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பிரிட்டனில் வளர்க்கப்பட்ட நாய்களை வைத்துச் செய்தது. ஐந்து மாதத்தில் கேட்ட அதே "உட்கார்" என்ற சொல்லை, எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் நாய்கள் குறைவாகவே கேட்டன. அந்நியர் சொன்னால் அந்தக் குறைவு இல்லை. வளர்ப்பவரோடு உள்ள பிணைப்பில் பதற்றம் இருந்த நாய்களிடம் இந்த மீறல் இன்னும் அதிகம். ஒரு வயதாகும்போது நிலைமை சீராகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் வீட்டில் மட்டும் எரிந்து விழுவது போலத்தான்.

அடித்த பிறகுதான் இதையெல்லாம் வாசித்தேன் என்பது வேறு விஷயம்.

*

அடி வேலை செய்தது. எனக்கு உண்மையில் பயம் தந்தது அதுதான். அடுத்த மூன்று நாள் மிளகு வீட்டில் ஒரு பொருளைத் தொடவில்லை. "உட்கார்" என்றால் சொல் முடிவதற்குள் உட்கார்ந்தான். எங்கள் தொழிலில் டெஸ்ட் என்று ஒன்று எழுதுவோம். நிரல் சரியாக ஓடினால் பச்சை விளக்கு. சில சமயம் நிரல் உள்ளே தப்பாகவே இருக்கும், வேறேதோ காரணத்தால் டெஸ்ட் மட்டும் பாஸாகிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் போய்த் தோண்டுவோம். பச்சையாக இருப்பதை யாரும் தோண்டுவதில்லை.

நாலாம் நாள் மறுபடி காலி மனைக்குக் கூட்டிப்போனேன். பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டியிருந்ததால் ரோட்டுக்குப் போக வழியில்லை. "வா" என்றேன். வந்தான். ஆனால் என் கை எட்டாத தூரத்தில் நின்றுவிட்டான். நான் ஒரு அடி முன்னால் வைத்தால் அவன் ஒரு அடி பின்னால். வயிறு தரையைத் தொட, காதுகள் பின்னால் படிய, வால் மட்டும் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பண்ண தப்பு அவனுக்கே தெரியுது பாரு" என்றேன்.

"என்ன தப்பு?"

"ரோட்டுக்கு ஓடினது."

"ஓடும்போதா அடிச்ச? அவன் உன்கிட்ட திரும்பி வந்தப்புறம்தானே அடிச்ச?"

என்னிடம் பதில் இல்லை. ஓடியதற்காக அடித்தேன் என்பது என் மனதில் இருந்த கதை. அவன் உடம்பில் பதிந்த கதையில் ஓட்டம் முடிந்துபோன சங்கதி. கடைசியாக அவன் செய்தது வருவது. வந்தான், அடி விழுந்தது. நாய்க்கு இதைவிடத் தெளிவாகப் பாடம் நடத்த முடியாது.

அந்தக் குற்றவுணர்ச்சி முகத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2009ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் செய்தது. நாய்களின் 'தப்புப் பண்ணிட்டேன்' பார்வைக்கும் அவை உண்மையில் தப்புச் செய்தனவா என்பதற்கும் தொடர்பில்லை என்று கண்டார். வளர்ப்பவர் திட்டினால் அந்தப் பார்வை வருகிறது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாக வந்தது. ஆக, நான் மனசாட்சி என்று நினைத்தது என் கோபத்தின் பிரதிபலிப்பை.

நாலடியாரில் நாயை உயர்த்திச் சொல்லும் ஒரு பாடல் உண்டு. யானை பழகிய பாகனையே கொன்றுவிடும், நாயோ எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே எறிந்தவனைப் பார்த்து வாலை ஆட்டும் என்று வரும். நட்பு அப்படி இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு அந்தப் பாடலில் நாயைவிட வேல் எறிந்தவன்தான் கண்ணில் படுகிறான். அவன் ஏன் எறிந்தான் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வாலாட்டலை அன்பு என்றும் மன்னிப்பு என்றும் பொருள் சொல்வது எறிந்தவனுக்கு ரொம்ப வசதி. தாழ்ந்து ஆடும் வால் 'இன்னும் எறியாதே' என்று கெஞ்சுவதாகவும் இருக்கலாம்.

*

அடுத்த மாதம் அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மிளகு அவர் செருப்பில் ஒன்றைக் கடித்ததும், "நாலு போடு போடுல, சரியாயிரும்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

ரெண்டு நாள் கழித்துக் கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் படுத்திருந்த மிளகு சட்டென்று தலையைத் தாழ்த்தி கண்ணை மூடிக்கொண்டான். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "நீயும் இப்டித்தாம்ல இருப்ப" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, பழைய ஞாபகத்தில் சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ட்யூஷனுக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனேன். யாருக்கும் தெரியாது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் என்னவோ பிசைந்தது. நானாகவே போய் அப்பாவிடம் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றினார். சினிமாவுக்குப் போனதற்காக அடித்தோம் என்றுதான் அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு நான் ஏகப்பட்ட சினிமா பார்த்தேன். சொன்னதுதான் இல்லை.

"என் பையன் என் பேச்சைத் தட்ட மாட்டான்" என்று அப்பா உறவினர்களிடம் சொல்வார். பச்சை விளக்கு. 2023 தொடக்கத்தில் எனக்கு வேலை போனது. அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் போனில் "ஆபீஸ்லாம் நல்லா போகுதுப்பா" என்றேன். முப்பத்து மூன்று வயதில், கை எட்டாத தூரத்தில் நின்று, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

*

நாயையும் பிள்ளையையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். பிள்ளைக்குக் காரணம் சொன்னால் புரியும், நாய்க்குப் புரியாது. சரிதான். ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் எதற்கு அடி என்று நன்றாகவே புரிந்தது. புரிந்தும் உடம்பு வேறொன்றைக் கற்றுக்கொண்டதே. மனசுக்கு விளங்கியதும் உடம்பு பழகியதும் இரண்டு தனித்தனிக் கணக்கு. பெரியவர்கள் முதல் கணக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள்.

வெட்கம் என்னவென்றால், என் அலுவலகத்தில் இது எனக்குத் தெரிந்த பாடம். சர்வர் விழுந்தால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒன்று நடத்துவோம். யார் தப்பு என்று தேடாமல், தப்பு நடக்க வழி எங்கே இருந்தது என்று பார்ப்பது. ஒருமுறை நடுராத்திரி ஒரு ஜூனியர் பையன் தவறான கட்டளை ஒன்றை ஓட்டிவிட்டு, பத்தே நிமிடத்தில் எனக்குப் போன் செய்தான். குரல் நடுங்கியது. "உடனே சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றேன், மனதாரச் சொன்னேன். அவனை அன்று கடித்துக் குதறியிருந்தால் அடுத்த தப்பு மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் 1976லிருந்து விமானிகள் தங்கள் பிழைகளைத் தாங்களே எழுதி அனுப்ப நாசா நடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. எழுதியவரின் பெயரை நீக்கிவிடுவார்கள், தெரியாமல் செய்த பிழை என்றால் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. சர்வருக்கும் விமானத்துக்கும் இருக்கும் இந்த மரியாதையை வீட்டில் நுழைந்ததும் செருப்போடு சேர்த்துக் கழற்றிவைத்துவிடுகிறோம்.

அப்படியானால் தப்பே இல்லை என்று விட்டுவிடுவதா? அப்படிச் சொல்லவில்லை. மிளகு ரோட்டுக்கு ஓடினால் செத்துப்போவான். அதனால் அவன் சுதந்திரத்தைக் குறைத்தேன், வேலியை அடைத்தேன். அதை எந்தக் குற்றவுணர்ச்சியும் இல்லாமல் செய்யலாம். தப்பு நடக்கும் முன்னால் தடுக்கலாம், நடந்து ஆறிய பிறகு பேசலாம். ஒருவர் திரும்பி வந்து நிற்கும் அந்த நிமிடத்தை மட்டும் தொடக்கூடாது என்று நினைக்கிறேன். அந்த நிமிடத்தில் தண்டிப்பவர் 'போனதற்கு' என்று சொல்லிக்கொண்டு 'வந்ததற்கு' தண்டிக்கிறார். அடித்த பிறகு அவருக்கு மனசு லேசாகிறது என்பதும் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியின் பிரேக் சத்தத்தில் செத்துப் பிழைத்த என் பயத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றவன் மிளகு.

*

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நீளக் கயிறு, வேகவைத்த கோழி ஈரல். கூப்பிட்டு வந்தால் ஈரல். இருபது நிமிடம் கழித்து வந்தாலும் ஈரல், வாயில் என் செருப்போடு வந்தாலும் ஈரல். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு நேரமாகி, மழையில் நனைந்து, இருபது நிமிடம் தொண்டை கிழியக் கத்திய பிறகு, சேற்றில் புரண்டு வரும் நாயிடம் சிரித்த முகத்தோடு "சமத்து" என்று சொல்வதற்கு ஈடாக ஒரு தவத்தை நான் இதுவரை செய்ததில்லை. பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இப்போது மிளகுக்கு ஒன்றரை வயது. செருப்புகள் ஜோடியாக இருக்கின்றன. கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வருகிறான், பாய்ந்து வருகிறான். கடைசி அரை அடியில் மட்டும் ஒரு கணம் நின்று என் கையைப் பார்க்கிறான். பிறகுதான் வந்து முகத்தை என் முழங்காலில் இடிக்கிறான். அந்த ஒரு கணம் நான் போட்டது. எத்தனை கிலோ ஈரலும் அதை அழிக்கவில்லை. அழியும் என்று இப்போது நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு மாதத்தைச் சொல்லிவிட்டேன். திட்டமெல்லாம் போடவில்லை. "நம்ம ஊர்ல மழையாப்பா?" என்று கேட்ட வாயோடு வந்துவிட்டது. "ரெண்டு வருசம் முன்னாடி எனக்கு வேலை போயிருச்சுப்பா. ரெண்டு மாசம் சும்மாதான் இருந்தேன். உங்ககிட்ட சொல்லல."

எதிர்முனையில் சத்தமில்லை. டிவி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"வாடகைக்கு என்னல பண்ணுன?" என்றார் அப்பா.