வலிக்காத தண்டனை

காதுமடலை இரண்டு விரலால் வெளுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ரத்தம் கலக்காது. பிளேடால் ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். பிளேடைத் திருப்பி உள்ளே சுரண்டினால் வருவதை ஸ்லைடில் தடவுவோம். தொழுநோய்ப் பிரிவில் லேப் டெக்னீஷியனாக இருந்த காலமெல்லாம் என் வேலை இதுதான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை அந்த அரை நிமிஷத்தில் என்னிடம் கேட்பார்கள்: "எந்த ஜென்மத்துப் பாவம் சார் இது?"

"பாவமெல்லாம் இல்லம்மா, கிருமி" என்பேன். நோர்வேயின் பெர்கனில் ஹான்சன் அதை 1873இலேயே பார்த்துவிட்டாரே. ஆனால் இது பதிலாகாது என்று கேட்டவருக்கும் தெரியும். ஒரே பாயில் படுத்தவர்களில் தனக்கு மட்டும் ஏன் என்பதல்லவா கேள்வி?

எங்களுடையது சைவக் குடும்பம். கர்மவினையைக் கேலி பேசி வளர்ந்தவனில்லை நான். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை வினைக் கணக்கோடு எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒத்துவரவில்லை.

தண்டனை என்றால் வலிக்க வேண்டாமா? இந்த நோயின் முதல் அடையாளமே வலி போய்விடுவதுதான். வெளிறிய ஒரு தேமல், அரிக்காது. கண்ணை மூடச் சொல்லி பஞ்சுத் திரியால் தொட்டு, "எங்க தொட்டேன், காட்டுங்க" என்றால், பக்கத்துத் தோலில் தொட்ட இடத்தைச் சட்டென்று காட்டுவார். தேமலுக்குள் தொட்டால் விரல் அசையாது. நான் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருப்பார். கிருமி ஒரு தடவை பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம். உள்ளே போய் வெளியே தெரியச் சராசரி ஐந்து வருஷம், சிலருக்கு இருபது. குற்றவாளிக்கே தெரியாமல் நிறைவேறும் தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுக்காது.

இன்னும் குழப்பம் உண்டு. எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாதவரின் ஸ்லைடில், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஆரம்பத்தில் அவர் தோலோ மினுமினுப்பாகத்தான் இருக்கும். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவரின் ஸ்லைடில் ஒன்றுமே தெரியாது. ஆனால் கிருமியோடு மல்லுக்கட்டிய அவர் உடம்பே அவர் நரம்பை நாசம் செய்திருக்கும். முழங்கை நரம்பு தடித்துக் கையில் தட்டுப்படும். இந்த இருவரில் யார் பெரிய பாவி? உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து இருவரையும் குணமாக்குகிறது. இன்று ஒருவருக்கு ஆறு மாதம், மற்றவருக்குப் பன்னிரண்டு. ஏழேழு ஜென்மத்து வினை பன்னிரண்டு அட்டை மாத்திரையில் தீரும் என்றால் அது வினைக்கே அவமானம்.

கும்பகோணம் பக்கம் திருமங்கலக்குடித் தலபுராணம் எனக்குப் பிடித்தது. காலவ முனிவருக்குத் தொழுநோய் வரவிருந்தது. அவர் தவத்துக்கு இரங்கி நவக்கிரகங்கள் அதை விலக்கின. வினைப்பயனைக் கொடுக்கத்தான் உங்களுக்கு அதிகாரம், தள்ளுபடி செய்ய அல்ல என்று பிரம்மா சபிக்க, நோய் அவர்களைப் பிடித்தது. எருக்க இலையில் தயிர்சாதம் படைத்து வழிபட்டுத் தீர்ந்தது. விதியை மீற முடியாது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது: ஒன்பது பேருக்கும் நோய் வந்தது பாவத்தால் அல்ல, இரக்கத்தால். வினைக் கணக்கை நடத்துகிறவர்களுக்கே வந்த நோயை வைத்து யாரை அளப்பது?

வேலூரில் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்திய பால் பிராண்ட் எதிர்த்திசையிலிருந்து வந்தார். வலி கடவுளின் கொடை என்றார் அவர். பிறகு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் உணர்விகள் வைத்த கையுறை செய்து, அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலையை முடிக்க வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். வலியின் சுவிட்ச் நம் கையில் இருக்கக் கூடாது என்பது அதில் கிடைத்த பாடம். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வலி ஏன் இருக்கிறது என்பதற்கான பதில். அதை இழந்தவர் ஏன் இழந்தார் என்ற இடத்தில், கர்மாவைப் போலவே கொடையும் வாயடைத்து நிற்கிறது.

இந்தத் தண்டனையில் வலித்த பகுதிக்கு மட்டும் யார் காரணம் என்று தெளிவாகத் தெரியும். தொழுநோயாளி என்று தோன்றும் ஏழையை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம் என்ற 1898ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசின் ஏட்டிலிருந்து 2016இல்தான் நீங்கியது. கணவனோ மனைவியோ தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியை 2019இல் மூடினார்கள், கூட்டு மருந்து வந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து.