துளைக்கல் தீவு

ஜெஜுவில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அங்குள்ள ஓடைகளில் பெரும்பாலானவை மழை விட்டதும் வறண்டுவிடும். காரணம் காலடியிலேயே இருக்கிறது. கொரியத் தீபகற்பத்துக்குத் தெற்கே சுமார் 1,850 சதுர கிலோமீட்டர் பரந்த இந்தத் தீவு, எரிமலை கக்கிய குழம்பு இறுகி உருவானது. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் கறுப்பாக, உடலெல்லாம் பொத்தலாக இருக்கும். குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகளின் தடம் அது. நடுவே 1,947 மீட்டர் உயர ஹல்லா மலை; சுற்றிலும் 360-க்கு மேற்பட்ட சிறு எரிமலைக் குன்றுகள். ராட்சத உருவம் கொண்ட சொல்முந்தே ஹல்மாங் என்ற தெய்வம், பாவாடையில் மண் அள்ளி வந்து கொட்டியதுதான் மலை; பாவாடைக் கிழிசல் வழியாகச் சிந்தியவை குன்றுகள் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

மலையில் பெய்யும் மழை, பாறையின் விரிசல்களில் இறங்கிக் கடலோரத்தில்தான் ஊற்றாக வெளிப்படும். ஊர்களும் அந்த ஊற்றுகளைத் தேடிக் கரைக்குப் போயின. பெண்கள் தண்ணீர்க் குடத்தை மூங்கில் கூடையில் வைத்து முதுகில் கட்டிச் சுமந்தார்கள். கல் இடறும் பாதையில், ஓயாத காற்றில், தலைச்சுமை சரிப்படாது. அதே காற்றைத் தாங்கத்தான் வயல்களைச் சுற்றிக் கல்மதில்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து போவதால் மதில் சாய்வதில்லை. இந்த இடுக்கை விட்ட கையின் அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தண்ணீர் தங்காத மண்ணில் அன்று நெல் அரிது, தினையும் பார்லியும்தான் விளைந்தன. மீதி வயிற்றுப்பாட்டைக் கடல் பார்த்துக்கொண்டது. ஹேன்யோ எனப்படும் பெண்கள் காற்று உருளை இல்லாமல், மூச்சடக்கிச் சுமார் பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கி அபலோன் சிப்பியும் சங்கும் எடுக்கிறார்கள். மேலே வந்ததும் அடக்கிய மூச்சு சீழ்க்கையாகப் பிரியும். அதற்குச் 'சும்பிசோரி' என்று பெயர். 2016-இல் யுனெஸ்கோ இவர்களின் பண்பாட்டை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் பேசும் ஜெஜு மொழியையோ 2010-லேயே அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்திருந்தது. இன்று அதைத் தடையின்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே. இது என்னை உறுத்துகிறது.

அந்த மொழியில் 'ஹல்மாங்' என்றால் பாட்டி. பெண் தெய்வமும் ஹல்மாங்தான். நிலவு நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில் வந்து கடலில் பாசியும் சிப்பியும் விதைத்துப் போகும் காற்றுத் தெய்வம் யோங்துங் ஹல்மாங். கரையை ஒட்டி ஆழம் குறைந்த பகுதிக்கு 'ஹல்மாங் பாதாங்', அதாவது பாட்டிக் கடல் என்று பெயர். வயதான ஹேன்யோக்களுக்கென விட்டுவைத்த இடம் அது. இளையவர்கள் அங்கே இறங்குவதில்லை.