வெள்ளிக்கிழமைச் சைவம்

மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் வீதி. பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது.

சீடன்: ஐயா, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அடுக்களைக்குள் மச்சச் சட்டியே வராது. சனிக்கிழமை விடிய மீன் வாங்கப் போய்விடுவோம். இது போதாதா?

குரு: சட்டி துப்பரவாக இருக்கிறது. மறுநாள் அதில் விழும் உயிருக்கு அதனால் என்ன? தீபாவளிக்கு ஒழுங்கையில் ஆள் சேர்த்துக் கிடாய் வெட்டிப் பங்கு போட்டார்களே, பார்த்தாயா?

சீடன்: பார்த்தேன். வேலியோரம் இரண்டு கிடாய். ஒன்றை அவிழ்த்துக்கொண்டு போனதும் மற்றது வாயிலிருந்த பூவரசங்குழையை மெல்லாமல் அப்படியே நின்றது.

குரு: அதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை, தம்பி. கோயில் வேள்வியில் கிடாய் வெட்டுவதை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. நல்லது என்றோம். அதே கிடாயைக் கடையில் வாங்குகிறோம்.

சீடன்: சைவம் என்று சொல்லித்தானே ஊரில் ஆட்களை எட்டி நிற்க வைத்தார்கள்?

குரு: உண்மை. அது வெட்கக்கேடு. கடலுக்குப் போகிறவரை இழிவாக நினைத்துக்கொண்டு மரக்கறி உண்பவனிடம் கருணை இல்லை. நீ மச்சத்தை விடுவதானால் ஒருவரையும் தாழ்த்தாமல் விடு.

சீடன்: சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்களே?

குரு: மனிதரால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பினால் என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2013இல் கணக்கிட்டது. எங்கள் கடலைப் பார். இழுவைமடி குஞ்சு மீனையும் பாசியையும் சேர்த்து அடியோடு வழிக்கிறது. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. மடி இன்னும் நிற்கவில்லை.

சீடன்: தோட்டம் மட்டும் என்ன, ஐயா? வெங்காயத்துக்குப் போடும் யூரியா கிணற்றில் நைத்திரேற்றாக இறங்குகிறதே.

குரு: சரியாகக் கேட்டாய். பெரிய ஆறில்லாத மண் இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் எங்கள் குடிநீர். ஆகவே மச்சத்தை விட்டவன் உரத்தையும் குறைக்க வேண்டும். ஆனால் கோழி தின்னும் சோளமும் உரம் போட்டுத்தான் விளைகிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு அதைவிடக் கூடுதலான தானியம் போகிறது. நிலமும் நீரும் அந்தளவுக்குக் கூடத்தான் வேண்டும்.

சீடன்: அப்பா சம்மதிப்பாரா தெரியவில்லை.

குரு: அவரோடு சண்டை பிடிக்காதே. அந்தக் குழையைப் பற்றி மட்டும் சொல். அடுத்த தீபாவளிக்குப் பெயர் சேர்க்க வருமுன் சொல். பங்குக்கு ஆள் குறைந்தால் ஒரு கிடாய் குறையும்.