சந்தேகம் என்னும் உத்தியோகம்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் சிலர் உண்டு: போலீஸ் இலாகாவினர், தணிக்கை அதிகாரிகள், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் காவல் காக்கும் எங்களைப் போன்றவர்கள். காலை முதல் மாலை வரை ஒருவரையும் நம்பாதிருப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவன், வீடு திரும்பியபின் மனைவி மக்களோடும் அண்டை அயலாரோடும் பழகும்போது அந்தச் சுபாவத்தை ஆபீசிலேயே விட்டுவிட்டு வர முடியுமா என்னும் கேள்வி, உத்தியோகத்தில் இருந்த காலத்தைவிட ஓய்வுபெற்ற பிறகே என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது.

நான் இத்தொழிலில் கால் வைத்தபோது இவ்வளவு சந்தேகத்துக்கு அவசியம் ஏற்பட்டிருக்கவில்லை. 1995ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். ஸ்தாபனம் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சமயத்தில், சென்னையில் எங்களுக்கிருந்த கவலையெல்லாம் பாதி வேலையில் டெலிபோன் லைன் அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமே என்பதுதான். தொலைவிலுள்ள கம்ப்யூட்டரில் வேலை செய்வதற்கு அப்போது டெல்நெட்டை உபயோகித்தோம். அதில் நாம் தட்டும் பாஸ்வேர்டு யாதொரு மறைப்புமின்றி, அஞ்சலட்டையில் எழுதிய அந்தரங்கம்போல, வழிநெடுகத் திறந்தபடியே பிரயாணம் செய்யும். ஒருநாள் நண்பர் ஒருவருடைய சம்மதத்தின்பேரில், அவர் இணைந்திருந்த அதே ஹப்பில் என் கம்ப்யூட்டரையும் இணைத்து ஸ்னிஃபர் என்னும் ஒட்டுக்கேட்கும் புரோகிராமை ஓடவிட்டபோது, அவர் தம் மேஜையில் தட்டத் தட்ட, அவருடைய பாஸ்வேர்டின் எழுத்துக்கள் ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றாக என் திரையில் வந்து விழுந்தன. கடைசி எழுத்து விழுந்ததும் அது அவர் மகளின் பெயர் என்பது தெரிந்தது. இத்தகைய திருட்டு பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் நிகழ்ந்ததைக் கண்டு, தாத்து யூலோனென் என்பவர் அதே 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியீட்டு முறையை உண்டாக்கி உலகத்துக்கு இலவசமாகவே அளித்தார். ஆயினும் நம் ஆபீசுகள் பல, டெல்நெட்தான் நன்றாக வேலை செய்கிறதே என்று சொல்லிக்கொண்டு, அதை விடுவதற்கு வருஷக்கணக்கில் யோசித்தன.

அதற்கும் முற்பட்ட காலத்து வெகுளித்தனம் இன்னும் ஆச்சரியமானது. 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' வைரஸினுள் அவர்களுடைய பெயரும் விலாசமும் டெலிபோன் எண்ணுமே பொறிக்கப்பட்டிருந்தன! பிறகு வந்தவற்றுக்கு விலாசமும் இல்லை, அவகாசமும் இல்லை. 2003 ஜனவரி 25ஆம் தேதி கிளம்பிய 'ஸ்லாமர்' வெறும் 376 பைட் அளவுள்ளது. பலவீனமாயிருந்த சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிஷத்தில் பற்றிக்கொண்டது. அதற்கான மருந்தோ முந்தின ஜூலை மாதத்திலேயே வெளிவந்து, போடுவாரின்றிக் கிடந்தது.

யந்திரங்களின் கதை இப்படியிருக்க, மனிதர்களை நாங்கள் நடத்திய விதமே எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. அமெரிக்காவின் தர நிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட்டுக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டியை ஆதாரமாகக் கொண்டு, பெரிய எழுத்தும் எண்ணும் விசித்திரக் குறியும் கலந்த பாஸ்வேர்டு வேண்டும், அதையும் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உலகமெங்கும் பரவிற்று. கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாள் கீபோர்டின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதில் முருகன் பெயரும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். கெடு வந்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டு அடுத்த எண்ணை எழுதிக்கொள்வார். தணிக்கைக்கு வந்தவர் அந்தச் சீட்டைப் பத்துப் பேர் பார்க்கத் தூக்கிக் காட்டி, "இவரைப் போன்றவர்களால்தான் சார் எல்லாம் கெடுகிறது" என்று அம்மாளை வைத்துக்கொண்டே மானேஜரிடம் சொன்னார். 2017இல் நிஸ்ட்டே, பாஸ்வேர்டு களவுபோனதற்கு அடையாளம் இல்லாதபோது அதை அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்று விதியைத் திருத்தியது. பில் பர்ரும் தாம் எழுதியவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குப் பகிரங்கமாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் யந்திரம் சுமக்க வேண்டிய பாரத்தை மனிதரின் ஞாபகசக்திமீது ஏற்றிவைத்து, அது தாங்காதபோது அவரையே அசட்டைக்காரர் என்று பழித்த வழக்கம் எங்கள் தொழிலிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

இந்நாளில் 'ஜீரோ டிரஸ்ட்' என்றொரு கொள்கை வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஆபீசுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே அனுமதிப்பது என்பது அதன் சாரம். யந்திரங்களுக்கு இது மிகவும் உசிதமானது என்பதே என் அபிப்பிராயம். சந்தேகிப்பதால் யந்திரத்துக்குத் தூக்கம் கெடுவதில்லை. இதையே குடும்ப தர்மமாக்கிக்கொண்டு பிள்ளையின் செல்போனை ராத்திரியில் சோதிக்கிற சகாக்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் வீட்டில் ஆபத்தும் குறையவில்லை, பேச்சும் மிஞ்சவில்லை.

சென்ற வருஷம் கும்பகோணத்திலிருந்து என் தமக்கையார் கூப்பிட்டார். "தம்பி, பேங்கிலேருந்து பேசறேன்னு ஒருத்தன் ஓடிபி கேட்டான். கண்ணாடியை எடுத்துட்டு வர்றேன், நீ சாப்பிட்டியாப்பான்னு கேட்டேன். வச்சிட்டான்!" என்று சிரித்தவர், சற்றுப் பொறுத்து, "இனிமே தெரியாதவங்க கூப்பிட்டா எடுக்கவே கூடாதா?" என்று கேட்டார். எடுங்கள் அக்கா, சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள். பணம், ஓடிபி என்ற பேச்சு வந்தால்மட்டும் வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிடுங்கள் என்றேன். ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தேகம் போதும். மிச்சத்தைப் பேங்கும் கம்பெனிகளும் சர்க்காரும் தங்கள் யந்திரங்களைக்கொண்டு பட்டுக்கொள்ளட்டும்.

எல்லோரும் என் தமக்கையாரைப்போலத் தப்பிவிடுவதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு தோன்றி மிரட்டுகிறவர்களிடம் சிக்குகிறவர்களைப் பாருங்கள்: அவர்களில் எத்தனையோ பேர் ஆயுள் முழுதும் சட்டத்துக்குப் பயந்து நடந்த கண்ணியவான்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல நேர்ந்தது. பணத்தை இழந்தபின் அவர்கள் வாய்திறவாமல் இருப்பதற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்தைக் கற்பித்தவர்கள், படித்தவர் இப்படி ஏமாறலாமா என்று கேட்கிற நாம். அவர்கள் மௌனமாயிருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. ஆகையால் உங்கள் வீட்டில் யாரேனும் ஏமாந்துவிட்டால், ஏன் கொடுத்தாய் என்ற கேள்வியைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்.