அளவுகோலும் அறமும்



மேலாண்மைக் கல்வி பயிலும் ஒக்கலிபுரத்து இளைஞர் ஒருவர், "ஐயா, யான் கற்கும் சாத்திரம் தொழிலாளருக்கு நன்மையா, தீமையா?" என்று வினவினார். வாழ்நாளிற் பாதியை ஆலையிற் கழித்த நாம், உடனே விடை கூற இயலாது நின்றோம்.

இச்சாத்திரத்தின் மூலவருள் ஒருவர் அமெரிக்கராகிய பிரெடரிக் டெய்லர். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்பு சுமந்தவனை 47 டன் சுமக்க வைத்த கதையை, 1911இல் வெளியிட்ட நூலில் அவர் பெருமையுடன் கூறினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரு மடங்குமில்லை! இதுவோ நீதி?

நாம் தறி ஓட்டிய காலத்தில் நம் அருகேயும் ஒருவர் கடிகாரத்துடன் நின்றார். அறுந்த பாவு நூலை முடிய எத்தனை நொடி என்று குறித்துக் கொண்டார். நூல் ஏன் அறுகின்றது என்று கேட்டாரில்லை. நூல் மட்டமானது, கொட்டகையில் ஈரம் போதாது என்பதைத் தறிக்காரன் அறிவான். அவன் கையை அளந்தனர். அவன் அறிவை அளந்தாரில்லை.

ஆயினும் அளவுகோலையே வெறுத்தல் பேதைமையாம். 1953இல் ஏ. கே. ரைஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அகமதாபாத்துக் காலிகோ ஆலைக்கு வந்தார். அங்கே 224 தானியங்கித் தறிகளை 29 பேர் கவனித்தனர். நூல் முடிபவர் ஒருவர், ஊடை நிரப்புபவர் வேறொருவர் என வேலை துண்டுபட்டுக் கிடந்தது. சிறு குழுவுக்குச் சில தறிகளை முழுதும் ஒப்படைக்கலாம் என்றார் அவர். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனை ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்தனர். நாளடைவில் நெசவு பெருகிற்று, பழுதும் குறைந்தது. அங்கும் கணக்குண்டு; ஆனால் கணக்கோடு மனிதனை நம்புதலும் இருந்தது.

பகவன் சிகாலனுக்குரைத்த அறவுரையில், வேலை வாங்குவோர்க்குரிய கடமைகள் ஐந்து: ஆற்றலுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயிற் பராமரிப்பு, அரிய சுவைப் பண்டத்திற் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. இவற்றுள் முதலாவதைக் கவனியுங்கள். ஒருவன் ஆற்றலை அறியாது அதற்கேற்ற வேலை தருவது எங்ஙனம்? ஆகவே அளத்தல் அறத்துக்கு மாறன்று. சுமையை ஏற்றுதற்கு அளக்கின்றோமா, தாங்குமளவை அறிதற்கு அளக்கின்றோமா என்பதே வினா.

இளைஞரே, கற்பீராக. நாளை கடிகாரம் உம் கைக்கு வரும். நொடியை எழுதுமுன், எதிரில் நிற்பவனை, "ஐயா, இவ்வேலையில் உமக்கு என்ன இடர்?" என்று கேட்பீராக. உம் தந்தையரை எவரும் அங்ஙனம் கேட்டதில்லை.