காயாத வண்ணம்

குருமடத்தில் சேர்ந்த ஆண்டு நாம் நீர்வண்ணப் பெட்டியை மூடி வைத்தோம். எவரும் தடுக்கவில்லை, அர்ப்பணத்தின் அடையாளமாக எதையேனும் விட வேண்டுமென்று நாமே விட்டோம். முப்பது ஆண்டுகளுக்குப் பின், சேரம்பாடியின் நீண்ட மழைக்காலமொன்றில் தூரிகையை மீண்டும் எடுத்தோம்.

பிந்திய வயதில் வண்ணம் தொடுவது புதுமையன்று. கவி தாகூர் அறுபதைக் கடந்த பிறகே ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டார். அவரது முதல் கண்காட்சி 1930-இல் பாரிசில் நடந்தது. ஆங்கிலேயரான எட்வர்ட் லியர் 1874-இல், தம் 62-ஆம் வயதில், இந்நீலகிரிக்கு வந்து மலைகளைத் தீட்டினார். ஆனால் பங்குமக்களுக்கென்று நேர்ந்துகொண்ட நேரத்தை வண்ணத்துக்குச் செலவிடலாமா? தாலந்து உவமையை உடனே துணைக்கு அழைத்தோம். நமக்கு விருப்பமானதற்கு மறைநூலில் சான்று தேடுவது எளிது.

சென்ற ஆண்டு ஆடி மாத மாலையொன்றில், தேயிலைச் சரிவின் மேல் மூடுபனி இறங்குவதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஈரத்தாளில் வண்ணம் பரவும்போது கையை எடுத்தால் படம் கெட்டுவிடும். அவ்வேளை ஒரு சிறுவன் வந்தான். "பாட்டிக்கு ரொம்ப முடியல சாமி, கூட்டிட்டு வரச் சொன்னாங்க." "கொஞ்சம் பொறு" என்றோம். கால்மணி நேரம் அவன் வாசற்படியில் நனைந்தவாறு நின்றான்.

பாட்டி, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நோயிற்பூசுதலைப் பெற்றபின் மெல்லக் கேட்டார்: "செபத்துல இருந்தீங்களா சாமி?" நாம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நம் தாமதத்துக்கு நல்ல காரணமொன்றை அவரே தேடித் தந்துவிட்டார். உண்மையைச் சொல்ல மறுநாள் சென்றபோது அவருக்கு நினைவில்லை. பின்னர் அது திரும்பவுமில்லை.

பெட்டியை மீண்டும் மூடிவிடலாமென்று தோன்றிற்று. ஆயினும் அது மூடியிருந்த முப்பது ஆண்டுகளிலும், கணக்கேட்டுக்காகவும் நாளிதழுக்காகவும் பகல் உறக்கத்துக்காகவும் நாம் எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்! குற்றம் வண்ணத்தினுடையதன்று. கலை, செய்யப்படும் பொருளைச் செம்மையாக்கும். செய்கிறவனைச் செம்மையாக்குவது விவேகமே என்பது புனித தோமா அக்குவினாசின் போதனை. குருமடத்தில் இதை மனனம் செய்து தேர்வும் எழுதினோம். அன்று மாலைப் படம் நன்றாகவே அமைந்தது. நம்மை நாணச் செய்வதும் அதுவே.

நீர்வண்ணத்தில் வெண்மைக்கென வண்ணம் பூசுவதில்லை. பூசாமல் விட்ட தாளே ஒளியாகிறது. எங்கே விடுவதென்று முன்னரே தீர்மானிக்க வேண்டும். மூடியபின் ஒளியை மேலே பூச இயலாது. ஒரு நாளும் அத்தகையதே. பிறர் வந்து அழைப்பதற்கான இடத்தை முதலிலேயே விட்டு வைக்காதவன், பிறகு வருந்தி அதை உண்டாக்க முடியாது.

இப்போதும் தீட்டுகிறோம். எவரேனும் அழைத்தால், வண்ணம் எந்நிலையில் இருந்தாலும் எழுகிறோம். பாதியில் காய்ந்து விளிம்பு தடித்த தாள்கள் மேசையில் சில கிடக்கின்றன. அவற்றைத் திருத்தவுமில்லை, எறியவுமில்லை. நன்றாக அமைந்த அந்த ஒரு படத்தைத்தான் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.