கவசம் யாரைக் காக்கிறது?

ஆயுத பூஜையன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் லேத்துக்கும் கிரேனுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அங்கே கும்பிடப்படுவது சோறு போடும் கருவி. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடியில் சோறு போடுவதே போர் வாகனம்தான். 1965-ல் விஜயந்தா டாங்கியைத் தயாரிக்கத் தொடங்கிய கன ஊர்தித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ‘டேங்க் ஃபேக்டரி’. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் ஆவடியில்தான்.

உயிர்க்கொலை பாவம் என்று கேட்டு வளர்ந்த ஒருவர் கவசத் தகட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது அவர் மனசாட்சி ஒரு சமாதானம் சொல்லும்: பீரங்கி கொல்லும், தகடு காக்கத்தானே செய்கிறது? இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் தாங்கும்?

சமய நூல்கள் இதற்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகத்தை முதலில் வைத்தார் புத்தர். வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அரணுக்கும் படைச்செருக்குக்கும் தனித்தனி அதிகாரங்கள் தந்தார். துறவிக்கு ஓர் அறம், அரசனுக்கு வேறோர் அறம் என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டலாம். தொழிலாளி எந்தப் பக்கம்? அவர் துறவியும் இல்லை, அரசனும் இல்லை.

அரணுக்குச் சக்கரம் பூட்டினால் அதுதான் கவச கார். இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் இரண்டாம் உலகப் போரில் உருவான ‘இந்தியன் பேட்டர்ன்’ சக்கரக் கவச ஊர்தி. கனடாவின் ஃபோர்டு கம்பெனியிலிருந்து சேஸிஸ் வந்தது. ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை கவசத் தகடு கொடுத்தது. ரயில்வே பணிமனைகள் உடலைக் கட்டின. படைவீரர்கள் அதை ‘டாடாநகர்’ என்றே அழைத்தார்கள். 1940 முதல் 1944 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. வேவு பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. துப்பாக்கிக் குண்டை ஓரளவு தடுக்கும். பீரங்கிக்கு முன் நிற்காது. கவசம் தடித்தால் எடை கூடும், எடை கூடினால் வேகம் போகும் என்பதால் மெல்லிய தகட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு மேற்கூரையே இல்லை. உள்ளே ஒரு பிரென் துப்பாக்கியும் டாங்கியைத் துளைக்கும் பாய்ஸ் துப்பாக்கியும் இருந்தன. எதிரியும் ஆயுதத்தோடு நின்ற களத்தில், அந்தத் தகடு பல இந்திய வீரர்களின் உயிரைக் காத்திருக்கும். அங்கே வெல்டரின் சமாதானத்தைக் குறை சொல்வது கடினம்.

ஆனால் கவச கார்கள் போர்க்களத்தில் மட்டும் ஓடவில்லை.

1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயர் இரண்டு கவச கார்களுடன் ஜாலியன்வாலா பாக்குக்கு வந்தார். சந்து குறுகல், வண்டிகள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் அவற்றின் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில், அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஹண்டர் கமிட்டி முன் அவரே ஒப்புக்கொண்டார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் தடுக்கச் சந்து இல்லை. கான் அப்துல் கஃபார் கானின் கைதை எதிர்த்துத் திரண்ட கூட்டத்துக்குள் கவச கார்கள் புகுந்தன; மக்கள் சக்கரங்களில் சிக்கி இறந்தார்கள். அதே நாளில் அதே ஊரில், சந்திர சிங் கர்வாலி தலைமையில் கர்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள் நிராயுதபாணிகளைச் சுட மறுத்தார்கள். அவர்கள் கூட்டத்துக்கு எதிரே, முகங்களைப் பார்த்தபடி திறந்தவெளியில் நின்றவர்கள்.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் கேட்ட முதல் உதவியும் பார்வை சம்பந்தமானதுதான். இரண்டு சேனைகளுக்கும் நடுவே தேரை நிறுத்து, எதிரே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான், பாட்டனும் குருவும் தம்பிமாரும் தெரிந்தார்கள், வில் நழுவியது. கீதை பிறந்ததே அந்தத் தயக்கத்தில்தான். கவச காரில் இருப்பவருக்கு அமைவதோ விரல் அகல இடுக்கு. அதன் வழியே வழி தெரியும், இலக்கு தெரியும். முகம் தெரிவது அரிது. குண்டைத் தடுக்கும் தகடு தயக்கத்தையும் தடுத்துவிடுகிறது.

முகம் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. ஜாலியன்வாலாவில் சுட்டவர்கள் எந்தத் தகட்டுக்குப் பின்னாலும் இல்லை. 1,650 தோட்டாக்களையும் கண்ணெதிரே தெரிந்த மனிதர்கள் மேல்தான் செலவழித்தார்கள். அதனால் பாவத்தை இரும்பின் தலையில் கட்டுவது சரியாகாது. உத்தரவிடுகிறவருக்கும் சுடுகிறவருக்கும் இடையில் இருக்கும் தயக்கம் என்ற ஒரு தடையைக் கவசம் அகற்றுகிறது, அவ்வளவே. ஆனால் சில நேரம் உயிர்கள் தப்பிப் பிழைப்பது அந்த ஒரு தடையால்தான்.

காந்தி போயர் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கும் படை நடத்தியவர். ஒருவரையும் சுடாதவர். ஆனாலும் போரில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவரும் போரின் குற்றத்திலிருந்து விடுபட முடியாது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். அந்தக் கணக்குப்படி வெல்டருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அவருடைய பங்கு சிறியது. வண்டியை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவருடைய பங்கு பெரியது. இந்த விகிதத்தை மறைத்துவிட்டு உழைப்பவரின் மனசாட்சியை மட்டும் குடைவது அநியாயம்.

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. டி.ஆர்.டி.ஓ.வும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய எட்டுச் சக்கரக் கவச ஊர்திக்காக 2025 செப்டம்பரில் மொராக்கோவில் ஓர் ஆலையே திறக்கப்பட்டது. ஆவடித் தொழிற்சாலையும் 2021 முதல் அரசுக்குச் சொந்தமான ஒரு கம்பெனியின் அங்கம். அரசின் சொத்து என்றால் குடிமக்களின் சொத்து. நம் வண்டி எல்லைக்குப் போகிறதா, யாரோ ஒருவரின் கடைவீதிக்குப் போகிறதா என்று நாடாளுமன்றத்தில் தன் எம்.பி.யைக் கேட்கச் சொல்லும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தொடங்குவோம்.